மூட்டு ஏன் வீங்குகிறது?

காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியவில்லை. மாவு பிசைய முடியவில்லை. குடத்தைத் தூக்க முடியவில்லை. ரவிக்கைக்குக் கொக்கி மாட்ட இன்னொருவர் வரவேண்டும். வெயில் ஏறிய பிறகுதான் கை கொஞ்சம் வசப்படுகிறது. மறுநாள் காலையில் மீண்டும் அதே தொல்லை.

இப்படிச் சொல்லும் பெண்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். ஆண்களிலும் சிலர் இருக்கிறார்கள். இது எதனால் வருகிறது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். "வாயு பிடித்துவிட்டது" என்பார் ஒருவர். "பச்சைத் தண்ணீரில் புழங்கியதால் வந்தது" என்பார் இன்னொருவர். "வயதானால் வருவதுதானே" என்பார் மற்றொருவர்.

குளிர் நாளில் வலி கூடுதலாகத் தெரியலாம். ஆனால் இந்த நோயைக் குளிர் உண்டாக்குவதில்லை. வாயுவும் உண்டாக்குவதில்லை. இது முதுமையின் நோயும் அல்ல. முப்பது வயதிலும் வரும்.

இந்த நோயின் பெயர் முடக்கு வாதம். சரவாங்கி என்றும் சிலர் சொல்வார்கள். இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது.

எத்தனை பேருக்கு வருகிறது?

டில்லிக்கு அருகில் உள்ள கிராமங்களில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்றார்கள். ஏறத்தாழ 40,000 பெரியவர்களிடம் மூட்டு வலி பற்றி விசாரித்தார்கள். நோய் இருக்கலாம் என்று தோன்றியவர்களை மருத்துவர்கள் சோதித்துப் பார்த்தார்கள். 299 பேருக்கு முடக்கு வாதம் இருந்தது. 1993-ஆம் ஆண்டில் இந்த முடிவு வெளியானது.

அதாவது, 1000 பெரியவர்களில் 7 அல்லது 8 பேருக்கு இந்த நோய் உண்டு. ஒரு பெரிய கிராமத்தை எடுத்துக்கொண்டால், அங்கே பத்துப் பேராவது இந்த வலியுடன் வாழ்வார்கள். ஓர் ஆணுக்கு வந்தால் இரண்டு, மூன்று பெண்களுக்கு வருகிறது.

மூட்டு எப்படி அமைந்திருக்கிறது?

இரண்டு எலும்புகள் சேரும் இடம் மூட்டு. எலும்பும் எலும்பும் நேராக உரசினால் தேய்ந்துவிடும். ஆகவே எலும்பின் முனையில் ஒரு மெத்தை இருக்கிறது. அதன் பெயர் குருத்தெலும்பு. ஆட்டுக்கால் எலும்பின் முனையில் வெள்ளையாக, வழவழப்பாக ஒரு பூச்சு தெரியும். அதுதான் குருத்தெலும்பு. நம் மூட்டிலும் அதுவே இருக்கிறது.

குருத்தெலும்பில் முக்கால் பங்கு தண்ணீர். இந்தத் தண்ணீரைப் பிடித்து வைப்பது பஞ்சு போன்ற ஒரு பொருள். பஞ்சைக் கட்டிக் காப்பது கயிறு போன்ற நார்கள். பஞ்சும் நாரும் சேர்ந்து இருப்பதால்தான் நாம் குதித்தாலும் சுமை தூக்கினாலும் மூட்டு தாங்குகிறது.

குருத்தெலும்புக்குள் இரத்தக் குழாய் கிடையாது. நரம்பும் கிடையாது. ஆகவே அது தேயும்போது அதற்கே வலி தெரியாது. அடிபட்டால் எளிதில் ஆறவும் ஆறாது.

மூட்டைச் சுற்றி ஒரு பை இருக்கிறது. பையின் உட்புறத்தில் மெல்லிய சவ்வு உண்டு. அது வழுவழுப்பான ஒரு நீரைச் சுரக்கிறது. வண்டிச் சக்கரத்துக்கு மசகு போல மூட்டுக்கு அந்த நீர். முடக்கு வாதம் முதலில் தாக்குவது இந்தச் சவ்வைத்தான்.

உடம்புக்குள் ஓடும் செய்தி

நம் உடம்பு கோடி கோடி செல்களால் ஆனது. செல் என்பது கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய உயிர்த்துளி. வீடு கட்டச் செங்கல் போல, உடம்புக்குச் செல்.

செல்கள் தனித்தனியாக வேலை செய்வதில்லை. ஒன்றுக்கொன்று செய்தி அனுப்புகின்றன. செல்லுக்கு வாய் இல்லை. அது ஒரு பொருளைச் சுரந்து வெளியே விடும். அந்தப் பொருள் பக்கத்துச் செல்லைத் தொடும். தொட்டதும் அந்தச் செல்லுக்குச் செய்தி புரிந்துவிடும். செய்தி கொண்டு போகும் இந்தப் பொருள்களுக்குச் சைட்டோகைன் என்று பெயர். நம் மொழியில் தூதுப் பொருள் என்று சொல்லலாம்.

காலில் முள் குத்துகிறது. முள்ளோடு கிருமியும் உள்ளே போகிறது. அங்கே காவலுக்கு இருக்கும் செல்கள் உடனே தூதுப் பொருளைச் சுரக்கின்றன. இரத்தக் குழாய்கள் விரிகின்றன. வெள்ளை அணுக்கள் ஓடி வருகின்றன. அந்த இடம் சிவக்கிறது. சூடாகிறது. வீங்குகிறது. வலிக்கிறது. இதுதான் அழற்சி. கிருமி ஒழிந்ததும் செய்தி நிற்கிறது. வீக்கம் வடிகிறது.

ஊரில் ஒரு கூரை தீப்பற்றினால் இப்படித்தான் நடக்கும். ஒருவர் கூவுவார். ஊரே குடத்தோடு ஓடி வரும். தீ அணைந்ததும் கூவல் நிற்கும். எல்லோரும் வீடு திரும்புவார்கள்.

ஆகவே தூதுப் பொருள்கள் நமக்கு நல்லவைதான். அவை இல்லாவிட்டால் சிறு புண்கூட ஆறாது.

கூவல் நிற்காவிட்டால்?

முடக்கு வாதத்தில் மூட்டுக்குள் தீ இல்லை. ஆனாலும் கூவல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. உடம்பின் காவல் படை தன் சொந்த மூட்டையே எதிரி என்று தவறாக எண்ணிவிடுகிறது. சிலருக்கு இந்தக் குணம் பரம்பரையில் வருகிறது. பீடி, சிகரெட் பிடித்தால் இந்த நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது.

மூட்டுச் சவ்வில் வெள்ளை அணுக்கள் வந்து குவிகின்றன. மெல்லிய சவ்வு தடித்துப் போகிறது. மூட்டு நீர் அளவுக்கு மேல் சுரக்கிறது. மூட்டு வீங்குகிறது.

இந்தக் கூட்டத்தில் பல தூதுப் பொருள்கள் உண்டு. மூன்றை மட்டும் தெரிந்துகொள்வோம்.

முதலாவது, டி.என்.எஃப். எலிகளின் உடம்பில் இருந்த புற்றுக் கட்டியை அது கரைத்தது. 1975-ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானிகள் இதைக் கண்டார்கள். ஆகவே கட்டியைக் கரைக்கும் பொருள் என்று பெயர் வைத்தார்கள். மூட்டில் அது செய்யும் வேலை வேறு. மற்றத் தூதுப் பொருள்களையும் அது கிளப்பிவிடுகிறது.

இரண்டாவது, இன்டர்லூக்கின்-1. குருத்தெலும்பின் அழிவில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

மூன்றாவது, இன்டர்லூக்கின்-6. இது இரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் போகிறது. காய்ச்சல் போல இருப்பதும், சோர்வு வருவதும், இரத்தம் குறைவதும் பெரும்பாலும் இதன் வேலை. ஆகவேதான் நோயாளி, "மூட்டு மட்டும் வலிக்கவில்லை, உடம்பே அசந்து போகிறது" என்கிறார். அவர் சோம்பேறி அல்ல. பொய் சொல்லவும் இல்லை. வீட்டில் உள்ளவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

குருத்தெலும்பு எப்படி அழிகிறது?

குருத்தெலும்புக்குள்ளும் செல்கள் வாழ்கின்றன. பஞ்சையும் நாரையும் செய்து தருவது அவைதான். டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-1 ஆகியவற்றின் செய்தி கிடைத்ததும் அவை கட்டும் வேலையை நிறுத்துகின்றன. இடிக்கும் வேலையைத் தொடங்குகின்றன. கத்தரிக்கோல் போன்ற சில பொருள்களைச் சுரக்கின்றன. இவற்றுக்கு நொதிகள் என்று பெயர். வீங்கிய சவ்வும் இதே நொதிகளைச் சுரக்கிறது.

நொதிகள் முதலில் பஞ்சை வெட்டுகின்றன. தண்ணீர் வெளியேறுகிறது. மெத்தை தளர்ந்து போகிறது. இந்த நிலையில் அழற்சியை நிறுத்திவிட்டால் செல்கள் மீண்டும் பஞ்சைச் செய்யும். சேதத்தைப் பெருமளவு சரி செய்யலாம்.

அடுத்து நொதிகள் நார்களை வெட்டுகின்றன. நார் அறுந்தால் அறுந்ததுதான். உடம்பால் அதை முன்போல் பின்ன முடியாது.

பிறகு தடித்த சவ்வு குருத்தெலும்பின் மேல் துணி போலப் படர்கிறது. ஓரத்திலிருந்து அரித்துக்கொண்டு போகிறது. எலும்பைக் கரைக்கும் செல்களையும் தூதுப் பொருள்கள் எழுப்பிவிடுகின்றன. எலும்பில் பள்ளம் விழுகிறது. விரல்கள் கோணுகின்றன.

பஞ்சு போன காலத்துக்கும் நார் அறுந்த காலத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. நல்ல மருத்துவம் செய்யவேண்டிய காலம் அதுதான். நோய் தொடங்கிய முதல் சில மாதங்களே அந்தக் காலம்.

பன்றி மூட்டு சொன்ன உண்மை

இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் என்ற நகரம் இருக்கிறது. அங்கே ஆனர் ஃபெல் என்ற பெண் விஞ்ஞானி ஓர் ஆய்வுக் கூடத்தில் வேலை செய்தார். அவர் 1900-ஆம் ஆண்டில் பிறந்தவர். எழுபது வயதைத் தாண்டிய பிறகும் ஆய்வை விடவில்லை.

அவரும் அவருடைய உடன் ஆய்வாளரும் பன்றியின் மூட்டிலிருந்து குருத்தெலும்பை எடுத்தார்கள். மூட்டுச் சவ்வையும் எடுத்தார்கள். இரண்டையும் ஒரே கிண்ணத்தில், ஒன்றையொன்று தொடாமல் வைத்து வளர்த்தார்கள். தொடாமல் இருந்தும் குருத்தெலும்பு அழிந்தது. பிறகு, உயிரற்ற குருத்தெலும்பை அதே போலத் தள்ளி வைத்தார்கள். அது அழியவில்லை.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் தெரிந்தன. சவ்விலிருந்து ஏதோ ஒரு செய்தி போகிறது. அந்தச் செய்தியைக் கேட்டுக் குருத்தெலும்பின் உயிருள்ள செல்களே தம் வீட்டை இடிக்கின்றன. 1977-ஆம் ஆண்டில் இந்த ஆய்வு வெளியானது. அந்தச் செய்திப் பொருள் இன்டர்லூக்கின்-1 என்று 1985-ஆம் ஆண்டு வாக்கில் தெளிவாயிற்று.

லூதியானாவில் பிறந்த மருத்துவர்

பஞ்சாப் மாநிலத்தில் உள்ள லூதியானாவில் 1937-ஆம் ஆண்டில் ரவீந்தர் மைனி பிறந்தார். பிற்காலத்தில் அவர் லண்டனில் மூட்டு வாத நோய் மருத்துவரானார். மார்க் ஃபெல்ட்மன் என்ற விஞ்ஞானியும் அவரும் சேர்ந்து ஒரு கேள்விக்கு விடை தேடினார்கள்.

மூட்டுக்குள் எத்தனையோ தூதுப் பொருள்கள் இருக்கின்றன. ஒன்றைத் தடுத்தால் போதுமா? மற்றவை சும்மா இருக்குமா? பல விஞ்ஞானிகள், "ஒன்றைத் தடுத்துப் பயனில்லை" என்றே நினைத்தார்கள்.

இவர்களுடைய குழு நோயாளிகளின் மூட்டிலிருந்து எடுத்த செல்களைக் கிண்ணத்தில் வளர்த்தது. டி.என்.எஃப்.-ஐ மட்டும் தடுத்துப் பார்த்தது. உடனே இன்டர்லூக்கின்-1 சுரப்பதும் குறைந்தது. கூட்டத்துக்குத் தலைமை டி.என்.எஃப். என்று விளங்கியது. இது 1989-ஆம் ஆண்டில் வெளியானது.

1992-ஆம் ஆண்டில் லண்டனில் நோயாளிகளுக்கு டி.என்.எஃப்.-ஐத் தடுக்கும் மருந்தை முதன்முதலாகக் கொடுத்தார்கள். வலியும் வீக்கமும் குறைந்தன. ஆனால் நம்பிக்கையாலும் வலி குறைந்ததாகத் தோன்றலாம் அல்லவா? ஆகவே 73 நோயாளிகளை வைத்து இன்னொரு சோதனை நடந்தது. யாருக்கு உண்மை மருந்து, யாருக்கு மருந்தில்லாத திரவம் என்று நோயாளிக்கும் தெரியாது, சோதிக்கும் மருத்துவருக்கும் தெரியாது.

நான்கு வாரம் கழித்துப் பார்த்தார்கள். மருந்து பெறாத 24 பேரில் 2 பேருக்கே குணம் தெரிந்தது. குறைந்த அளவு மருந்து பெற்ற 25 பேரில் 11 பேருக்குத் தெரிந்தது. அதிக அளவு பெற்ற 24 பேரில் 19 பேருக்குத் தெரிந்தது. 1994-ஆம் ஆண்டில் இந்த முடிவு வெளியானது. மைனிக்கும் ஃபெல்ட்மனுக்கும் 2003-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லாஸ்கர் விருது கிடைத்தது.

இந்த மருந்து நோயை வேரோடு களையாது. நிறுத்தினால் பலருக்கு நோய் திரும்பும். ஆனால் கூவலை அடக்கி வைக்கும். மூட்டு அழிவதைத் தடுக்கும்.

இவ்வகை ஊசிகளின் விலை மிக அதிகம். 2014-ஆம் ஆண்டு டிசம்பரில் அகமதாபாத்தைச் சேர்ந்த ஒரு நிறுவனம், அடலிமுமாப் என்ற ஊசி மருந்தைப் போன்ற ஒன்றை இந்தியாவிலேயே செய்து விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதன் பிறகு விலை ஓரளவு குறைந்தது. இன்டர்லூக்கின்-6-ஐத் தடுக்கும் ஊசியும் இப்போது உண்டு. செல்லுக்குள் செய்தி போகாமல் தடுக்கும் மாத்திரைகளும் வந்துள்ளன.

காசநோய்: ஓர் எச்சரிக்கை

தூதுப் பொருள்கள் நல்ல வேலையும் செய்கின்றன என்று பார்த்தோம். டி.என்.எஃப். செய்யும் நல்ல வேலைகளில் ஒன்று, காசநோய்க் கிருமியை அடைத்து வைப்பது.

பலருடைய உடம்பில் காசநோய்க் கிருமி உறங்கிக் கிடக்கிறது. அதைச் சுற்றி வெள்ளை அணுக்கள் மதில் எழுப்பி வைத்திருக்கின்றன. அந்த மதிலைக் கட்டிக் காப்பதில் டி.என்.எஃப்.-க்குப் பங்கு உண்டு. அதை மருந்தால் தடுத்தால் மதில் சரியும். கிருமி வெளியே வரும். இந்த ஊசி போட்டவர்களில் 70 பேருக்குக் காசநோய் வந்ததாக 2001-ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியானது.

உலகிலேயே காசநோயாளிகள் மிக அதிகமாக உள்ள நாடு இந்தியா. ஆகவே இந்த ஊசி போடுமுன் காசநோய்ச் சோதனை கட்டாயம் வேண்டும். வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்திருந்தால் மருத்துவரிடம் மறைக்கக் கூடாது.

எல்லோருக்கும் ஊசி வேண்டுமா?

வேண்டாம். பெரும்பாலோருக்கு முதலில் கொடுப்பது மெத்தோட்ரெக்ஸேட் என்ற மாத்திரை. விலை குறைவு. அழற்சியை அடக்கும். பலருக்கு இதுவும் இதனுடன் சேர்த்துத் தரும் வேறு மாத்திரைகளுமே போதும். ஆனால் பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். பொறுமை வேண்டும்.

ஒன்றைக் கவனமாக நினைவில் வையுங்கள். மூட்டு நோய்க்கு மெத்தோட்ரெக்ஸேட்டை வாரத்தில் ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டும். தவறிப் போய்த் தினமும் சாப்பிட்டால் வாய் புண்ணாகும். இரத்தம் ஊறுவது நின்றுபோகும். உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று மருத்துவரிடம் கேளுங்கள். நாட்காட்டியில் அந்தக் கிழமைக்கு நேராக உங்கள் கையாலேயே எழுதி வையுங்கள். மாத்திரை அட்டையில் உள்ள பெயரைப் படித்துப் பார்த்த பிறகே வாயில் போடுங்கள்.

இந்த மருந்து சாப்பிடும்போது மது அருந்தக் கூடாது. கர்ப்பிணிகள் சாப்பிடக் கூடாது. குழந்தை பெற நினைப்பவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மருத்துவர் ஃபோலிக் அமில மாத்திரையும் தருவார். அவ்வப்போது இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வார். அதைத் தவற விடக் கூடாது.

வலி மாத்திரை போதாதா?

கடையில் வாங்கும் வலி மாத்திரை வலியைக் குறைக்கும். தூதுப் பொருள்களை அது நிறுத்தாது. வலி தெரியாமல் இருக்கும்போதே உள்ளே நார்கள் அறுந்துகொண்டிருக்கும். நெடுநாள் சாப்பிட்டால் வயிற்றில் புண் வரும். சிறுநீரகமும் கெடும்.

சில இடங்களில் பெயர் எழுதாத பொட்டலத்தில் பொடியோ மாத்திரையோ தருகிறார்கள். ஒரே நாளில் வலி பறந்துவிடும். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கக் கூடும். ஸ்டீராய்டும் ஒரு மருந்துதான். மருத்துவர் அளவாக, சில காலம் தருவார். அளவு தெரியாமல் மாதக் கணக்கில் சாப்பிட்டால் முகம் உப்பும். சர்க்கரை கூடும். எலும்பு மெலியும். திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. பெயர் எழுதாத மருந்தை வாங்காதீர்கள். ஏற்கெனவே சாப்பிட்டு வந்திருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எப்போது மருத்துவரிடம் போவது?

எல்லா மூட்டு வலியும் முடக்கு வாதம் அல்ல. வயதானவர்களுக்கு முழங்காலில் வரும் தேய்மானம் வேறு. அதில் நடந்தால் வலி கூடும். காலை விறைப்பு அரை மணிக்குள் போய்விடும்.

முடக்கு வாதத்தில் ஓய்வெடுத்த பின்தான் விறைப்பு அதிகம். காலையில் அரை மணிக்கு மேல், சிலருக்கு மணிக் கணக்கில் நீடிக்கும். கை விரல், மணிக்கட்டு, கால் விரல் போன்ற சிறு மூட்டுகள் வீங்கும். பெரும்பாலும் இரு பக்கமும் வீங்கும்.

இப்படி வீக்கமும் விறைப்பும் ஆறு வாரம் நீடித்தால் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஆறு வாரம் காத்திருக்கவேண்டும் என்பதும் இல்லை. இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற இரத்தப் பரிசோதனைகள் உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும். இன்டர்லூக்கின்-6 சொல்லும் செய்தியைக் கேட்டு ஈரல் சுரப்பதே சி.ஆர்.பி. ஆகவே கூவல் எவ்வளவு பலமாக இருக்கிறது என்பதை ஒரு துளி இரத்தமே மருத்துவருக்குச் சொல்லிவிடும்.

நினைவில் கொள்ளுங்கள்

- முடக்கு வாதம் உடம்பின் காவல் படை வழி தவறுவதால் வரும் நோய். தொற்றாது.
- தூதுப் பொருள்கள் ஓயாமல் சுரப்பதால் மூட்டு வீங்குகிறது, குருத்தெலும்பு அழிகிறது.
- அழிந்த குருத்தெலும்பு முன்போல் வளராது. முதல் சில மாதங்களிலேயே மருத்துவம் தொடங்க வேண்டும்.
- வலி நின்றதும் மருந்தை நீங்களே நிறுத்தாதீர்கள்.
- மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒரு நாள் மட்டும்.
- பீடி, சிகரெட்டை விடுங்கள். வலி குறைந்த நேரத்தில் மூட்டுகளை மெல்ல அசைத்துப் பழகுங்கள்.

கலந்து பேசுங்கள்

1. உங்கள் தெருவில் காலையில் விரல் மடக்க முடியாமல் தவிப்பவர்கள் யாராவது உண்டா? அவர்கள் மருத்துவரைப் பார்த்தார்களா?
2. வலி மாத்திரைக்கும் அழற்சியை அடக்கும் மருந்துக்கும் என்ன வேறுபாடு?
3. உங்கள் வீட்டில் உள்ள மாத்திரை அட்டைகளை எடுங்கள். அவற்றின் பெயர்களை எழுத்துக் கூட்டிப் படித்துப் பாருங்கள்.